பூவரசம் பீப்பீயும் மணலிப் பிடிலும்

திருவொற்றியூரிலோ காசிமேட்டிலோ ஒரு சிறுவனை நிறுத்தி, “ஆர்க்கெஸ்ட்ரா பார்த்திருக்கியா?” என்று கேட்டால், “ஓ, எத்தனையோ வாட்டி!” என்பான். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய இரவு, தெருவை அடைத்துப் போட்ட மேடை, இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு, ஒரு பேஸ் கிடார், ரிதம் பேட், தபலா, டோலக், இரண்டு மூன்று பாடகர்கள், நடுநடுவே பேசிச் சிரிக்கவைக்க ஒருவர். வடசென்னையில் அதற்குப் பெயர் ஆர்க்கெஸ்ட்ரா. சிறுவன் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. குழந்தைகளுக்குப் பல்லியம் என்ற ஆர்க்கெஸ்ட்ராவையும் அதன் கருவிகளையும் அறிமுகப்படுத்துவது பற்றிப் பேச வேண்டுமானால், அந்த மேடைக்கு எதிரே போட்ட பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

மேலைநாட்டு அரங்கில் அதே சொல் எண்பதிலிருந்து நூறு பேரைக் குறிக்கும். அவர்களில் ஏறக்குறைய அறுபது பேர் கையில் வில். முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வியோலா 12, செல்லோ 10, டபுள் பேஸ் 8 என்பது பெரிய குழுவின் வழக்கமான கணக்கு. அவர்களுக்குப் பின்னால் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன்; அதற்கும் பின்னால் ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா; கடைசி வரிசையில் தோற்கருவிகளும் உலோகக் கருவிகளும். இத்தனை பேருக்கும் மைக் கிடையாது. ஸ்பீக்கர் வழியாக மட்டுமே இசை கேட்டு வளர்ந்த குழந்தைக்கு முதல் அதிர்ச்சி அதுதான். மரத்திலிருந்தும் நரம்பிலிருந்தும் நேரே ஒலி கிளம்பி, உட்கார்ந்திருக்கும் பலகை வழியாக முதுகெலும்புக்கு வருகிறது. பதிவில் எவ்வளவு கேட்டாலும் இது கிடைக்காது.

பல கருவிகள் கூடி ஒலிப்பது தமிழனுக்குப் புதிதில்லை. பல்லியம் என்ற சொல்லே நம்மிடம் பழையது. கூத்தர்கள் தங்கள் கருவிகளைப் பைகளில் கட்டிச் சுமந்து போவதை மலைபடுகடாம் பட்டியல் போட்டுச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இன்னும் ஒரு படி மேலே போய், எந்தக் கருவி எதைப் பின்பற்ற வேண்டும் என்றே சொல்லிவிடுகிறது: குழலின் வழியே யாழ், யாழின் வழியே தண்ணுமை, தண்ணுமையின் வழியே முழவு, முழவோடு கூடி ஆமந்திரிகை. ஒருவரை ஒருவர் கேட்டு வாசிப்பது என்ற ஒழுங்கு அங்கே தெளிவாக இருக்கிறது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மௌனகுரு தமிழ்க் கருவிகளைக் கொண்டு ஓர் அணியை உருவாக்கியபோது, இன்னியம் என்ற பழஞ்சொல்லைத் தேடி எடுத்து வைத்தார். எவ்வளவு பொருத்தமான பெயர்!

வடசென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி உரிமை உண்டு. அதைச் சொல்ல மணலிக்குப் போக வேண்டும்.

இன்று மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இரவில் எரியும் தீச்சுடரும் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மணலி என்றால் முதலியார் குடும்பம். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துபாஷிகளாக இருந்து பெரும் செல்வம் சேர்த்தவர்கள். சங்கீதத்துக்கு வாரி வழங்கியவர்கள். அந்த வீட்டு வேங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா முதலியார் என்று அழைக்கப்பட்டவர், திருவாரூரிலிருந்து வந்த ராமஸ்வாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு ஆதரித்தார். நூற்றெட்டு ராகதாள மாலிகை ஒன்றைத் தீட்சிதர் முதலியார்மேல் பாடினார். தீட்சிதருக்கு மூன்று மகன்கள்: முத்துஸ்வாமி, சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி. மூத்தவர் பின்னாளில் மும்மூர்த்திகளில் ஒருவர் ஆனார். கடைக்குட்டி பாலுஸ்வாமி பிறந்தது 1786இல்.

முதலியாருக்குக் கோட்டையில் செல்வாக்கு இருந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்கார பேண்டு வாசிக்கும். தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளை அதைக் கேட்க வைத்தார் முதலியார். மணலியிலிருந்து கோட்டை ஏழெட்டு மைல். வீட்டில் வீணையும் வாய்ப்பாட்டும் கேட்டு வளர்ந்த பையன்களுக்கு அந்த பேண்டு எப்படி ஒலித்திருக்கும்! சின்னவனுக்குப் பிடில்மேல் மனசு போனது. முதலியார் அதைப் பார்த்துவிட்டு, கைதட்டிப் பாராட்டி வீட்டுக்கு அனுப்பவில்லை. ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, மூன்று வருஷம் பாலுஸ்வாமிக்குப் பாடம் சொல்லவைத்தார். பாலுஸ்வாமி அந்தக் கருவியில் நம்முடைய ராகங்களை வாசித்துப் பழகினார். கர்நாடக சங்கீதத்தில் வயலின் நுழைந்த கதைகளில் மிகவும் சான்றோடு நிற்பது இதுதான். தஞ்சாவூர் வடிவேலுவின் பெயரும் வராகப்பையரின் பெயரும் இதே வரிசையில் சொல்லப்படுவதுண்டு. அவர்களுடைய பங்கைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு குழந்தையின் கையில் பிடிலைக் கொடுத்து, ஆசிரியரையும் கொடுத்து, மூன்று வருஷத்தையும் கொடுத்தது இந்த வடக்கு மூலையில் நடந்தது.

கோட்டை பேண்டு மூத்தவரையும் விடவில்லை. முத்துஸ்வாமி தீட்சிதர் அந்த மேல்நாட்டு மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் அவை கிடைக்கின்றன. நோட்டு ஸ்வரம் என்று இன்றைக்கும் பாட்டு வகுப்பில் குழந்தைகள் பாடுகிறார்கள். பிரிட்டிஷ் அரசரின் தேசிய கீத மெட்டில் ஒன்று, பிரிட்டிஷ் படைவீரர்களின் நடைப்பாட்டு மெட்டில் முருகன்மேல் ஒன்று, எல்லாம் சங்கராபரணத்தின் வழியில். கமகம் இல்லாமல் நேர்கோடாகப் போகும் அந்த மெட்டுகளைத் தீட்சிதர் இழிவாக நினைக்கவில்லை. மாற்றி வளைக்கவும் முயலவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டார். சிறுவயதில் ஆச்சரியத்தோடு கேட்ட ஒலியை ஒரு மேதை பின்னால் என்ன செய்வான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டாம்.

அதே மணலிக்குப் பக்கத்தில்தான் திருவொற்றியூர். வீணை குப்பையரின் அழைப்பில் தியாகையர் வந்து, திரிபுரசுந்தரிமேல் ஐந்து கீர்த்தனைகள் பாடிய ஊர். மயிலாப்பூர்தான் சங்கீதம், வடக்கே வெறும் லாரியும் கன்டெய்னரும் என்ற எண்ணம் எப்போது வந்தது? துறைமுகமும் ரயிலும் ஆலைகளும் வந்து, ஊர் வேலைக்காரர்களின் ஊரானபோது வந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது. அதோடு இசை நின்றுபோய்விடவில்லை. வேறு வேறு தெருக்களுக்குப் போனது.

அந்தத் தெருக்களில் வளரும் குழந்தைக்குக் கருவிகளை எப்படிக் காட்டுவது? படம் போட்ட அட்டையை மாட்டி, “இது ஓபோ, இது பஸூன்” என்று மனப்பாடம் செய்யவைப்பது வீண் வேலை. குழந்தையின் காதில் ஏற்கெனவே இருக்கும் ஒலியைத் தொட்டு, அங்கிருந்து கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும்.

பூவரசு இருக்கிறதே, கடலோரம் எங்கும் நிற்கும் மரம். ஓர் இலையைப் பறித்து, காம்பைக் கிள்ளிப்போட்டு, ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தால் ஒரு முனை குறுகியும் ஒரு முனை விரிந்தும் குழல் கிடைக்கும். குறுகிய முனையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாக நசுக்க வேண்டும். நசுக்காமல் ஊதினால் வெறும் காற்றுதான் போகும். அதிகம் நசுக்கினால் அடைத்துக்கொள்ளும். சரியான அளவில் நசுக்கி உதட்டில் வைத்து ஊதினால், ‘பீ’ என்று தெருவே திரும்பிப் பார்க்கும். இலையின் இரண்டு ஓரங்களும் உதடுகள்போல விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடுவதால் வரும் சத்தம் அது.

நாகசுரத்தின் சீவாளி இந்தப் பீப்பீதான், கொஞ்சம் படித்துப் பட்டம் வாங்கியது. காவிரிக் கரையின் நாணலைப் பதப்படுத்தி, இரண்டு தகடும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்படி செய்வார்கள்; திருவாவடுதுறை அதற்குப் பேர்போன ஊர். ஓபோவின் வாயிலும் அதே இரட்டை நாணல், அதே கூம்புத் துளை. பஸூனும் இந்த வம்சம்தான். குழாயை மடித்து நீளமாக்கியதால் குரல் தாத்தாவின் குரல் ஆகிவிட்டது. சிம்பொனிக் குழு மேடையில் அமர்ந்ததும் எல்லாரும் சுருதி சேர்ப்பது ஓபோ கொடுக்கும் ஒரு ஸ்வரத்துக்கு. திருவொற்றியூர்த் தேரடியில் மாசிப் பிரம்மோற்சவத்தில் நாகசுரம் கேட்ட குழந்தை, ஓபோவை முதல் தடவை கேட்கும்போதே, “இது நம்ம நாயனம் மாதிரி இருக்கு, ஆனா வெட்கப்படுது” என்று சொல்லிவிட முடியும். இசையைப் பற்றிய நல்ல விமரிசனம் அப்படித்தான் பிறக்கிறது.

சங்கை எடுத்துக்கொள்ளலாம். சங்குக்குச் சீவாளி கிடையாது. ஊதுகிறவரின் உதடுதான் அதிர்கிறது. டிரம்பெட், டிராம்போன், ஹார்ன், டியூபா நான்குக்கும் அடிப்படை அதுவே. உதட்டை இறுக்கினால் மேல் ஸ்வரம், தளர்த்தினால் கீழ் ஸ்வரம். பிரெஞ்சு ஹார்னைப் பிரித்து நீட்டினால் குழாய் சுமார் 12 அடி வரும் என்று சொல்லி, வகுப்பறையில் ஒரு கயிற்றை அந்த நீளத்துக்கு இழுத்துக் காட்டினால் போதும், ஒரு குழந்தையும் மறக்காது. ராயபுரத்துக் குழந்தைகளுக்குப் பித்தளைக் கருவிகள் அந்நியமும் இல்லை. புனித பேதுரு ஆலயத் திருவிழாவில், கல்யாண ஊர்வலத்தில், சாவு ஊர்வலத்தில் பேண்டு செட் வாசிப்பதைத் திண்ணையிலிருந்து பார்த்தே வளர்கிறார்கள். தாத்தாக்களோ ஆலைச் சங்கு ஊதி எழுந்தவர்கள், ஆலைச் சங்கு ஊதிச் சாப்பிட்டவர்கள். சங்கு என்ற ஒரே சொல் கோயிலுக்கும் சாவுக்கும் ஆலைக்கும் இங்கே பொதுவாக இருக்கிறது. ஊதுகருவி பற்றிய பாடத்தை இந்தச் சொல்லை விட்டுவிட்டு எங்கிருந்து தொடங்குவது?

டிம்பனி என்ற கொப்பரை மேளம் ஐரோப்பாவுக்குப் போனது கிழக்கேயிருந்து. அரபு நாட்டு நகாரா சிலுவைப் போர்க்காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது. பெரிய அளவிலானது பின்னர் துருக்கியப் படைகளோடு போனது. நம் கோயில்களில் பூசை நேரத்தில் முழங்கும் நகராவுக்கு அது பங்காளி. பெரிய மேளமும் கைத்தாளமும் முக்கோண மணியும் பதினெட்டாம் நூற்றாண்டில் துருக்கிய ராணுவ பேண்டிலிருந்து ஐரோப்பிய இசைக்குள் வந்தவை. குழந்தைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் கண் விரியும். அந்தப் பெரிய அரங்கத்தின் கடைசி வரிசையில் நம் பக்கத்து ஆள்கள் பல நூற்றாண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிவது சின்ன விஷயமா?

பிறகு வயலின். புது வில்லை முதன்முதலாக நரம்பில் இழுக்கும் குழந்தைக்கு ஒன்றும் கேட்காது. குதிரைமுடி வழுக்கிக்கொண்டு போகும். “கெட்டுப்போச்சா, மிஸ்?” என்று கேட்கும். அப்போது ஆசிரியர் ரோசின் கட்டியை எடுத்துக் கொடுத்து, வில்லில் மேலும் கீழும் தேய்க்கச் சொல்ல வேண்டும். மரப்பிசினிலிருந்து செய்த, தேன் நிறத்தில் கண்ணாடிபோல மின்னும் கட்டி அது. வெள்ளைத் தூள் பறக்கும். மறுபடி இழுத்தால் முடி நரம்பைப் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். ஒலி வரும். கர்ணகடூரமாகத்தான் வரும், ஆனால் அந்தக் குழந்தையே வரவழைத்தது. இந்த இரண்டு நிமிஷத்தை ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகக் கொடுக்காத அறிமுக நிகழ்ச்சி எதுவும் அறிமுக நிகழ்ச்சி ஆகாது.

உலகத்தில் இதற்காகவே எழுதிய இசை உண்டு. 1936இல் மாஸ்கோவில் குழந்தைகள் நாடக அரங்கை நடத்திய நதாலியா சாட்ஸ் கேட்டுக்கொள்ள, புரோகோஃபியெவ் ‘பீட்டரும் ஓநாயும்’ எழுதினார். கதை சொல்ல ஒருவர், இசை சொல்ல ஒரு குழு. பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்கு பஸூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன், பீட்டருக்குத் தந்திக்கருவிகள், துப்பாக்கி வெடிக்கு டிம்பனியும் பெரிய மேளமும். கதை தொடங்குமுன் ஒவ்வொரு கருவியையும் குழந்தைகளுக்குக் காட்டி, அதன் மெட்டை வாசித்துக் காட்டவேண்டும் என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். பத்து வருஷம் கழித்து இங்கிலாந்தில் பெஞ்சமின் பிரிட்டன், கல்வித் துறை எடுத்த படத்துக்காக, பர்செல் என்ற பழைய மேதையின் மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கருவியும் அதைத் தன் பாணியில் வாசிக்கும்படி 13 மாறுபாடுகள் எழுதினார். கடைசியில் ஒவ்வொன்றாக ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் ஒரு பின்னல். 1958 முதல் 1972 வரை நியூயார்க்கில் லெனார்ட் பெர்ன்ஸ்டீன் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்காக நடத்திய கச்சேரிகள் தனிக் கதை.

இவற்றை அப்படியே இறக்குமதி செய்வதைவிட, புரோகோஃபியெவின் யுக்தியை வாங்கிக்கொள்வது மேல். ஓநாய் எண்ணூர்க் குழந்தைக்கு எதற்கு? பழவேற்காட்டுப் பூநாரைக்குப் புல்லாங்குழல் கொடுக்கலாம். முகத்துவாரத்துச் சேற்றில் ஓடும் நண்டுக்கு, வில்லை வைத்துவிட்டு விரலால் சுண்டும் வயலின். துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு டியூபா. வலையை இழுக்கும் பத்துப் பேருக்கு டபுள் பேஸ். இதை எழுதத் தெரிந்த இசையமைப்பாளர்கள் சென்னையில் இருக்கிறார்கள். எழுதச் சொல்லி யாராவது கேட்கவேண்டும்.

இன்னொரு பெரிய பள்ளிக்கூடம் ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டிலும் இயங்குகிறது. அது திரைப்பாட்டு. அறுபது வயலின் வாசிப்பதைத் தமிழ்க் குழந்தை முதலில் கேட்பது இளையராஜாவின் பாட்டில்தான். 1991இல் வந்த ‘தளபதி’யின் ‘சுந்தரி கண்ணால்’ பாட்டில் போர்க்காட்சிக்கு வரும் இடையிசையைப் போட்டு, குழந்தைகளைக் கண்ணை மூடச் சொல்லி, பித்தளை வரும்போது வலது கையையும் தந்தி வரும்போது இடது கையையும் தூக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது தடவை வகுப்பு முழுக்கச் சரியாகத் தூக்கும். வார்த்தையை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த பாட்டுக்குள் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு வியப்பு வரும். அதன் பிறகு அந்தப் பாட்டை அவர்கள் பழைய மாதிரி கேட்கவே முடியாது. இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியபோது தமிழ்நாடே பேசியது. அவ்வளவு பெருமிதத்தில் ஒரு பங்காவது, நம் குழந்தைகளில் எத்தனை பேர் ஒரு செல்லோவைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்ற கேள்வியாக மாறியிருக்கலாம்.

இங்கே ஒரு தவறைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். பஸ் வைத்துக் குழந்தைகளை ஏற்றி, ஏசி அரங்கில் ஒரு மணிநேரம் உட்காரவைத்து, பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, படம் எடுத்துத் திருப்பி அனுப்புவது. நல்ல மனசோடு செய்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை அந்தக் குழந்தை தொடுவதற்கு ஒரு கருவி இருக்கிறதா? இல்லையென்றால், அழகான ஒன்றைக் காட்டி, இது உனக்கில்லை என்று சொல்லி அனுப்பியதாக ஆகிவிடும். சின்னையா முதலியார் செய்தது மூன்று காரியம்: கேட்கவைத்தார், ஆசிரியரை அமர்த்தினார், மூன்று வருஷம் விடாமல் நடத்தினார். முதல் காரியம் சுலபம். மற்ற இரண்டுக்கும்தான் அறக்கட்டளைகள் தேவை.

அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1975இல் வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு ஒரு கார் நிறுத்துமிடத்தில் 11 பேரோடு தொடங்கிய வகுப்பு, எல் சிஸ்டமா என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவி, ஏழைக் குழந்தைகள் லட்சக்கணக்கில் வாசிக்கும் இயக்கமானது. இன்று உலகம் கொண்டாடும் நடத்துநர் குஸ்தாவோ துதமேல் அதில் வளர்ந்தவர். நம் நாட்டிலேயே, காலிம்போங் மலையில் எட்வர்ட் மெக்குவைர் என்ற இயேசு சபைப் பாதிரியார் 1993இல் காந்தி ஆசிரமப் பள்ளியைத் தொடங்கினார். கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கணக்கும் இங்கிலீஷும் படிப்பதுபோல வயலினும் படிக்கிறார்கள். திறமை இருப்பவரைத் தேர்ந்தெடுத்து மற்றவரை ஒதுக்குவதில்லை. கோவாவில் லூயிஸ் டயஸ் என்ற மருத்துவர் வெளிநாட்டு வேலையை விட்டுவந்து 2009இல் இதே வேலையில் இறங்கினார்.

சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கியபின், வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைகளுக்கு இலவசமாகப் பல்லியக் கருவிகள் கற்றுத்தரும் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவை உருவாக்கினார். வயலின் மட்டுமில்லை, வியோலா, செல்லோ, காற்றுக்கருவி, பித்தளை எல்லாம். வருஷக்கணக்கில் வந்து கற்ற பிள்ளைகள் மேடையேறினார்கள், ரஹ்மானின் இசைப்பதிவுகளிலும் வாசித்தார்கள். இந்தியச் சிறுவர்களுக்குச் செல்லோ சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது, வாங்கிக்கொடுக்க ஆளும் கிடையாது என்ற நிலையை அவர் ஒரு கட்டடத்துக்குள்ளாவது மாற்றிக் காட்டினார். வடசென்னைக்கு அப்படி ஒரு கட்டடம் வேண்டும். அதுவரைக்கும், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்த மெட்ரோ ஒரு வழி திறந்திருக்கிறது. திருவொற்றியூர்த் தேரடியில் ஏறி, சென்ட்ரலில் ஒரு தடவை மாறினால் அந்தக் கல்லூரி இருக்கும் வடபழனி. முன்பெல்லாம் ஒரு வகுப்புக்காக யார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் போவார்கள், அதுவும் அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் வீட்டில்?

வழி இருந்தால் போதாது, கருவி வேண்டும். குழந்தைகளின் வயலின் முழு அளவில் இருக்காது. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கும். பாட்டி காலத்து வாய்ப்பாட்டில் இருந்த பின்னங்கள் அப்படியே வயலின் பெட்டிமேல் எழுதியிருக்கின்றன: 3/4, 1/2, 1/4, 1/8, 1/16. குழந்தையின் கை வளர வளர வயலின் மாறவேண்டும். எந்தத் தொழிலாளி வீட்டில் நான்கு தடவை வயலின் வாங்குவார்கள்? அதனால் கருவிகளுக்கு ஒரு நூலகம் வேண்டும். சின்னதைத் திருப்பிக் கொடுத்துப் பெரியதை எடுத்துக்கொண்டு போகலாம். தம்பி சின்னதை வாங்கிக்கொள்வான். செல்லோவும் டபுள் பேஸும் ஷேர் ஆட்டோவில் ஏறாது. அவை பள்ளியிலேயே இருக்க வேண்டும், சாயங்காலம் பள்ளிக்கூடம் திறந்திருக்க வேண்டும். வீட்டில் சாதகம் செய்ய இடமில்லாத குழந்தைக்கும் அதுவே இடம். ஒரே அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது வயலினை எங்கே வைத்து வாசிப்பது?

கடற்காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் ஈரமும் உப்பும் எதையும் விடாது. எஃகு நரம்பு துருவேறும், பிசின் ஒட்டு விட்டுப்போய் வயலினின் மேல்பலகை ஓரத்தில் வாய் திறக்கும், மிருதங்கத்தின் தோல் இறங்கும். ஒரு நல்ல பெட்டியும் வாசித்து முடித்ததும் நரம்பைத் துடைக்க ஒரு பருத்தித் துணியும் பழக்கமாகிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு, பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் இந்தப் பக்கத்திலேயே வேண்டும். மோட்டாரையும் படகையும் கழற்றி மாட்டும் கைகள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன; அவற்றில் இரண்டு ஜோடிக் கைகளுக்கு வயலின் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்தால் என்ன? குதிரை நிறுத்துவதும் ஒட்டுப் போடுவதும் அவர்களுக்குப் பிடிபடாத வேலையே இல்லை.

அரசிடம் சட்டகம் இருக்கிறது. ஜவகர் சிறுவர் மன்றங்கள் குழந்தைகளுக்குக் கலை சொல்லித்தருகின்றன. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் கருவி இசையும் உண்டு. மேடைக்கு வந்து வாசிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால், பெரும்பாலும் பறையும் கீபோர்டும். இரண்டும் நல்லவை. அந்த வரிசையில் ஒரு கிளாரினெட்டும் ஒரு செல்லோவும் சேரட்டும்.

பறையைச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல்லிய அறிமுகம் என்ற பெயரில், கானாவும் சட்டியும் பறையும் கீழ், வயலினும் ஹார்னும் மேல் என்ற நினைப்பு குழந்தை மனசில் விழுந்துவிடக் கூடாது. 2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பும் டென்மாவும் சேர்ந்து மேடையேற்றிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் வடசென்னைக் கானாப் பாடகர்களும் பறையும் சட்டியும் கிடாரும் ஒரே வரிசையில் நின்றன. அதற்கு முந்திய வருஷம் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று புறம்போக்கைப் பற்றிப் பாடினார். ராகமாலிகை, சாம்பல் மேட்டுக்கு நடுவே. இரண்டையும் பார்த்த குழந்தை, ஹார்ன் வாசிப்பவரின் முன்னால் கூச்சமில்லாமல் தன் மேளத்தைக் கொண்டுபோய் வைக்கும். அப்படி வைக்கிற குழந்தைக்குத்தான் ஹார்ன்காரரும் மனசு வைத்துச் சொல்லிக்கொடுப்பார்.

பாலுஸ்வாமி தீட்சிதர் பிற்காலத்தில் எட்டயபுரம் சமஸ்தானத்து வித்வான் ஆனார். தன் மகள் வயிற்றுப் பேரனைத் தத்து எடுத்து வளர்த்து, சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பேரன் சுப்பராம தீட்சிதர், தன் அறுபதுகளில், 1904இல், எட்டயபுரத்தில் அச்சான ‘சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’யில் குடும்பத்தின் கதையையும் எழுதி வைத்தார். மணலியில் ஒரு முதலியார், கோட்டையிலிருந்து ஒரு வாத்தியக்காரர், பிடில் கேட்ட ஒரு சின்னப் பையன், மூன்று வருஷம் என்ற விவரம் நமக்குக் கிடைப்பது அந்தப் புத்தகத்திலிருந்துதான்.